மருந்தின் உரைகல்

பொற்கொல்லன் ஒருவன் பொன்னின் மாற்றை அறிய வேண்டின், அதனை உரைகல்லில் இட்டு உரைத்துப் பார்ப்பான். விற்பவருடைய பெருமையை நோக்கியோ, அணியின் அழகை நோக்கியோ அவன் மாற்றுக் கூறான். மருந்தின் திறமும் அவ்வாறே உரைத்துக் காணத்தக்கது. பொன்னில் பிழை நேரின் இழப்பது பொருள். மருந்தில் பிழை நேரின் இழப்பது உயிர். மருந்துக்குரிய உரைகல் யாது என்பதையும், அஃது எவ்வாறு அமைந்தது என்பதையும் காசநோயின் வரலாறு நன்கு விளக்கும்.

காசநோய் மிகப் பழமையான நோய்களுள் ஒன்று. எலும்புருக்கி நோய் என்றும், சயரோகம் என்றும் இதனை வழங்குவர். பெரும்பாலும் நுரையீரலைப் பற்றும் இந்நோய், நீங்காத இருமலையும் மாலைக் காய்ச்சலையும் உண்டாக்கும்; உடலை நாள்தோறும் மெலிவிக்கும்; முற்றியபோது குருதி உமிழச் செய்யும். இது குடிவழியாக வருவது என்று பலர் நெடுங்காலம் நம்பினர். 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் என்பார், இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமியே எனப் பெர்லின் நகரில் சான்றுகளுடன் நிறுவினார். நோயுற்றவர் இருமும்போது அக்கிருமி காற்றில் கலந்து பிறரைச் சென்றடைகிறது.

காரணம் கண்ட காக் பெருமான், தீர்க்கும் மருந்தும் காண விழைந்தார். 1890ஆம் ஆண்டில், காசநோய்க் கிருமியினின்று வடித்த ஒரு நீர்மம் நோயைக் குணப்படுத்த வல்லது என அறிவித்தார். ‘டியூபர்குலின்’ என்பது அதன் பெயர். உலகு போற்றும் அறிஞரின் சொல்லாதலின், மக்கள் ஐயுற்றாரிலர். பல நாடுகளிலிருந்தும் நோயாளரும் மருத்துவரும் பெர்லினை நோக்கி விரைந்தனர். ஆனால், அம்மருந்து நோயைத் தீர்க்கவில்லை. அதனை ஏற்ற சிலர் இறந்தும் போயினர். பிற்காலத்தில் அது, கிருமி உடலில் புகுந்துள்ளதா என்பதை அறியும் கருவியாகவே பயன்பட்டது. சொல்பவர் எத்துணைப் பெரியோராயினும், சொல் மட்டும் மருந்துக்குச் சான்றாகாது என்பதை உலகம் அன்று பெருவிலை கொடுத்துக் கற்றது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், வாக்ஸ்மன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஆல்பர்ட் ஷாட்சு என்னும் இளைஞர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரினின்று புதிய மருந்தொன்றைப் பிரித்தெடுத்தார். அதுவே ‘ஸ்டிரெப்டோமைசின்’. கண்ணாடிக் குழாயில் வளர்த்த காசநோய்க் கிருமிகளை அது வளரவொட்டாமல் தடுத்தது. ஆயினும், குழாயில் நிகழ்வது உடலிலும் நிகழும் என்று துணிதல் ஆகாது. ஆதலின், நோயூட்டப்பெற்ற கினிப்பன்றிகள் என்னும் சிறு விலங்குகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தனர், அவை நலமெய்தின. பின்னரே நோயாளர் சிலருக்குக் கொடுத்தனர். அவருள் பலர் தேறினர். சிலருக்குச் செவியும், உடலைச் சமநிலையில் நிறுத்தும் ஆற்றலும் ஊறுபட்டன.

இந்நிலையில் ஓர் ஐயம் எழுந்தது. மருந்து உண்ணாமலே, நல்லோய்வினால் தேறும் காசநோயாளரும் உளர். அங்ஙனமாயின், தேறியவர் மருந்தினால் தேறினரா, இயல்பாகத் தேறினரா? இதனை அறிய, மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒருங்கே வைத்து ஒப்பிடுதல் வேண்டும். அவ்விரு பிரிவினரும் நோயின் கடுமையில் ஒத்தவராகவும் இருத்தல் வேண்டும். மருத்துவரே பிரிவு செய்வாராயின், பிழைக்கக் கூடியவர் என்று தாம் எண்ணுவோரை அவர் தம்மையறியாமலே மருந்துப் பிரிவிற் சேர்த்துவிடுதல் கூடும்.

இத்தடையை நீக்க இங்கிலாந்து நாட்டுப் புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் ஒரு வழி வகுத்தார். யார் எப்பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் எண்களைக் கொண்டு உறுதி செய்து, ஒட்டிய உறைகளில் இட்டு வைத்தனர். நோயாளர் சேர்க்கப்பெற்ற பின்னரே உறை பிரிக்கப்பட்டது. நுரையீரலின் எக்ஸ்கதிர்ப் படங்களை ஆராய்ந்தோர்க்கும், எப்படம் எப்பிரிவினருடையது என்பது அறிவிக்கப்படவில்லை. 1947ஆம் ஆண்டில் தொடங்கிய இச்சோதனையின் முடிவு 1948இல் வெளிவந்தது. மருந்தும் ஓய்வும் பெற்ற 55 பேருள் ஆறு திங்களில் இறந்தோர் 4 பேர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருள் இறந்தோர் 14 பேர். மருந்தின் திறம் ஐயமற விளங்கிற்று.

மருந்து இருக்கவும் சிலருக்குக் கொடாது விடுதல் அறமாகுமோ என்னும் வினா இங்கு எழும். அந்நாளில் இங்கிலாந்துக்குக் கிடைத்த மருந்து மிகச் சிறிதே. நோயாளர் அனைவர்க்கும் அது போதாது. உள்ளதைக் கொண்டு உண்மை காணின், பின்வரும் பல்லாயிரவர்க்குப் பயன்படும் எனச் சோதனை செய்தோர் கருதினர். எனினும், மருந்து பெறாத பிரிவினர்க்குத் தாம் ஒப்பிடப்படுகின்றனர் என்பதே தெரிவிக்கப்படவில்லை. இக்காலத்தில் அவ்வாறு செய்தல் ஆகாது. சோதனையின் நோக்கத்தையும் இடரையும் எடுத்துரைத்து, நோயாளரின் இசைவு பெற்ற பின்னரே தொடங்குதல் வேண்டும் என்பது இன்றைய நெறி.

அச்சோதனை மற்றோர் உண்மையையும் உணர்த்திற்று. ஸ்டிரெப்டோமைசின் ஒன்றையே தொடர்ந்து கொடுத்தபோது, அதற்கு அடங்காத கிருமிகள் உடலில் பெருகின. ஐந்தாண்டு கழிந்தபின் நோக்கியபோது, மருந்து பெற்ற 55 பேருள் 32 பேரும், பெறாத 52 பேருள் 35 பேரும் இறந்திருந்தனர். முதலிற் கண்ட நன்மை பெரிதும் தேய்ந்துவிட்டது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை மற்றொரு மருந்து அழிக்கும் என்று தெளிந்து, இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை அறிஞர் கண்டனர். 1952ஆம் ஆண்டில், விலை குறைந்ததும் வாய்வழி உட்கொள்ளத் தக்கதுமான ‘ஐசோனியசிட்’ என்னும் மருந்தும் வந்து சேர்ந்தது.

மருந்து கிடைத்தபின்னும் ஒரு வினா எஞ்சி நின்றது. நோயாளரை நல்லுணவும் ஓய்வும் உள்ள மருத்துவமனையில் பல திங்கள் வைத்திருந்தாலன்றி நோய் தீராது என்பது அந்நாளைய நம்பிக்கை. இந்தியாவிலோ நோயாளர் மிகப் பலர். மருத்துவமனைப் படுக்கைகள் மிகச் சில. இவ்வினாவையும் உரைகல்லில் இட்டுப் பார்க்க, 1956ஆம் ஆண்டில் சென்னை மாநகரில் ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. 193 நோயாளர் முன் கூறிய முறையாலேயே இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவமனையில் தங்கினர்; மற்றவர் நெருக்கமான ஏழைக் குடில்களில் தம் குடும்பத்தாருடன் வாழ்ந்தவாறே மருந்துண்டனர். மருந்து இருசாரார்க்கும் ஒன்றே.

1959ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஓராண்டின் இறுதியில், நோய் அடங்கியோர் மருத்துவமனையில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். உணவிலும் ஓய்விலும் மிகக் குறைந்திருந்தும், வீட்டிலிருந்தோர் பெரிதும் பின்தங்கினாரிலர். குடும்பத்தாரையும் ஐந்தாண்டு கண்காணித்தனர். நோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்டதனால் அவர்க்கு இடர் மிகவில்லை. தாயைப் பிள்ளைகளிடமிருந்தும், உழைப்பவனை இல்லத்தாரிடமிருந்தும் பிரிக்காமலே நோயைத் தீர்க்கலாம் என்பது உறுதியாயிற்று. உலக நாடுகள் பலவும் பின்னர் இம்முறையைத் தழுவின.

நோயாளர் மருந்தைத் தவறாமல் உண்கின்றனரா என்று நலப்பணியாளர் வீடுதோறும் சென்று கண்டமையும் இவ்வெற்றிக்குத் துணை நின்றது. மருத்துவம் என்பது நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்னும் நான்கும் கூடியது என்று வள்ளுவர் வகுத்திருப்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. இன்றும் சிலர், சிறிது நலம் கண்டவுடன் மருந்தை இடையில் நிறுத்திவிடுகின்றனர். அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றி, அவரையும் அவரைச் சூழ்ந்தோரையும் வருத்துகின்றன.

உண்மையை நாடும் பொறுமையும், கண்ட உண்மையைக் கடைப்பிடிக்கும் உறுதியும் ஒருங்கே அமையுமிடத்து நோய் நில்லாது. யாரேனும் ஒரு மருந்தின் பெருமையை எடுத்துரைக்கும்போது, ‘இஃது எவ்வாறு சோதிக்கப்பட்டது?’ என்று கேட்டறிதலே அறிவுடையோர் செயலாகும்.