ஸ்டேக் ஹவுஸில் சாப்பிடப் போகிறீர்களா? முதலில் பல்லைக் கவனியுங்கள்!

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்களா? நீங்கள் போய் இறங்கிய இரண்டாவது வாரமே, "அப்பா, இன்னைக்கு ராத்திரி பெரிய ஸ்டேக் ஹவுஸுக்குப் போறோம், நல்ல சட்டையா போட்டுக்குங்க" என்று கிளப்பிவிடுவார்கள். பிள்ளைகள் ஆசையாகக் கூப்பிடும்போது மறுக்க முடியுமா? தாராளமாகப் போங்கள்.

ஊருக்குப் புறப்படும் முன்பு என்னிடம் வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இதுதான்: "டாக்டர், அது சூடாச்சே, ஒத்துக்குமா? கொலஸ்டிரால் ஏறிடுமா?" நியாயமான கேள்விகள்தான். ஆனால் கொலஸ்டிரால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பார்க்க வேண்டிய சமாச்சாரம். நான் திருப்பிக் கேட்பது வேறு: "பல் எப்படி இருக்கு? சொந்தப் பல்லா, பல்செட்டா?"

பலர் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்த இடத்திலேயே உயிருக்கு உலை வைக்கக் கூடியது, சரியாக மெல்லாமல் விழுங்கிய ஒரே ஒரு கறித்துண்டு.

அங்கே என்ன வேறு?

ஸ்டேக் என்பது மாட்டிறைச்சியைக் கனமான வில்லையாக வெட்டி, கடும் சூட்டில் கொஞ்ச நேரமே வாட்டி எடுப்பது. நியூயார்க்கில் நூறு வருஷம் தாண்டிய ஸ்டேக் ஓட்டல்கள் உண்டு. கீன்ஸ் 1885ல் தொடங்கியது. புரூக்ளினில் இருக்கும் பீட்டர் லூகர் 1887ல் தொடங்கியது. இந்த மாதிரி இடங்களில் ஒரு ஆளுக்கு 16 அவுன்ஸ் ஸ்டேக் என்பது சர்வசாதாரணம். நம் கணக்கில் சுமார் 450 கிராம். நம் வீட்டில் அரைக் கிலோ கறி எடுத்தால் நாலு பேர் சாப்பிட்டுக் குழம்பும் மிஞ்சும்!

நம் சமையலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கறிக்கடையிலேயே துண்டு போட்டு வாங்குகிறோம். குக்கரில் விசில் விசிலாக வேக வைக்கிறோம். முற்றிய கறி என்றால் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவார்கள் பாட்டிமார்கள். ஆக, வெட்டுகிற வேலையையும் மென்மையாக்குகிற வேலையையும் கடையும் அடுப்பும் முடித்துக் கொடுத்துவிடுகின்றன. வாய்க்கு மிச்சம் கொஞ்சம்தான்.

ஸ்டேக் ஹவுஸில் அந்த இரண்டு வேலையும் உங்கள் தலையில்தான். வெட்டுவது உங்கள் கை, கூழாக்குவது உங்கள் பல். அறுபது வருஷமாகக் குழைந்த கறி சாப்பிட்டுப் பழகிய வாய் இதைப் புரிந்துகொள்வதற்குள் துண்டு தொண்டைக்குள் போய்விடுகிறது.

இரண்டு குழாய், இரண்டு ஆபத்து

தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள். முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும்போது மூச்சு வழி மூடிக்கொள்ளும். வாயில் உணவோடு பேசினால், சிரித்தால் இந்த ஒழுங்கு தவறும். கூடவே மது உள்ளே போயிருந்தால் தொண்டையின் விழிப்பே குறைந்துவிடும். மேல்தாடைக்குப் பல்செட் போட்டவர்களுக்கு அண்ணம் மூடியிருப்பதால், வாயில் இருக்கும் துண்டு பெரிதா சிறிதா என்றே சரியாகத் தெரியாது.

துண்டு மூச்சு வழியை அடைத்தால் நேரம் நிமிஷக்கணக்குதான். ஒரு காலத்தில் ஓட்டலில் சாப்பிடும்போதே திடீரென்று சாய்ந்தவர்களை மாரடைப்பு என்றே நினைத்தார்கள். அவர்களில் சிலருடைய மூச்சு வழியில் உணவுத் துண்டு அடைத்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. 1963ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழ் இதைப் பற்றி எழுதியது. 'கஃபே கொரோனரி' என்றே இதற்குப் பெயர். பார்க்க மாரடைப்பு, உள்ளே கறித்துண்டு!

அடையாளம் என்ன? மூச்சு வழி அடைத்தவரால் பேச முடியாது, சத்தமாக இரும முடியாது. கை தானாகவே கழுத்தைப் பிடிக்கும். முகம் நீலம் பாயும். மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் 'நெஞ்சு வலிக்குது' என்றாவது சொல்வார். எனவே உடனே கேளுங்கள்: "மூச்சு அடைக்குதா? பேச முடியுதா?" தலையை மட்டும் ஆட்டினால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று. நாலு பேர் முன்னால் இருமிக்கொண்டு இருக்கக் கூச்சப்பட்டு, எழுந்து பாத்ரூம் பக்கம் போகிறவர்கள் உண்டு. அங்கே தனியாக விழுந்தால் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? வெட்கத்தை விடுங்கள். மேஜையிலேயே இருங்கள்.

உடனே செய்ய வேண்டியது

1. பலமாக இருமுகிறாரா? இருமவிடுங்கள். இருமல்தான் முதல் மருந்து. தண்ணீர் கொடுக்காதீர்கள்.

2. இரும முடியவில்லை என்றால் ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். அங்கே 911, நம்மூரில் 108. இன்னொருவர் அவரை முன்பக்கம் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி 5 முறை தட்ட வேண்டும்.

3. வரவில்லையா? அவருக்குப் பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கை கொடுங்கள். ஒரு கையை முஷ்டியாக மடக்கித் தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே வையுங்கள். மறு கையால் அதைப் பிடித்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் வெடுக்கென்று 5 முறை இழுங்கள். துண்டு வெளியே வரும் வரை முதுகில் 5, வயிற்றில் 5 என்று மாறி மாறிச் செய்யுங்கள்.

4. கர்ப்பிணிகளுக்கும் கைக்குள் அடங்காத பருமன் உள்ளவர்களுக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது. நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள்.

5. நினைவு தப்பினால் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விரலால் எடுங்கள். தெரியாமல் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும்.

பிழைத்து எழுந்தாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வயிற்றை அழுத்தியதில் உள்ளே அடி பட்டிருக்கலாம்.

வயிற்றை அழுத்தும் முறையை 1974ல் எழுதியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிச். 2016ல், தம்முடைய 96வது வயதில், தாம் தங்கியிருந்த முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு மேஜையில் ஹாம்பர்கர் அடைத்துத் திணறிய 87 வயதுப் பெண்மணியை அதே முறையால் அவரே காப்பாற்றினார். 96 வயதுக் கைக்கே முடிகிறது என்றால் உங்களால் முடியாதா? நியூயார்க் நகர ஓட்டல்களில் இந்த முதலுதவி விளக்கப்படத்தை மாட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். மெனு கார்டு வரும் வரை அந்தப் படத்தைப் பாருங்கள்.

நெஞ்சில் நிற்கிறதா?

இரண்டாவது ஆபத்து உணவுக்குழாயில். இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயரே 'ஸ்டேக் ஹவுஸ் சிண்ட்ரோம்'! இதில் மூச்சு வரும், பேச்சு வரும். ஆனால் நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி துண்டு நிற்கும்.

என்னிடம் வரும் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு இதுதான் நடந்தது. நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போனவர், மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டே ஸ்டேக் சாப்பிட்டிருக்கிறார். நடு நெஞ்சில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்த்தார். குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. எச்சில்கூட இறங்காமல் கைக்குட்டையில் துப்பிக்கொண்டே, "காலைல சரியாயிடும், ஆஸ்பத்திரி செலவு எதுக்கும்மா" என்றாராம். மகள் கேட்கவில்லை, இழுத்துப்போனாள். அன்று இரவே எண்டோஸ்கோப்பி செய்து துண்டை எடுத்தார்கள். உள்ளே பார்த்தால் உணவுக்குழாயின் அடியில் வளையம் போல ஒரு சுருக்கம்.

ரிச்சர்ட் ஷாட்ஸ்கி என்ற மருத்துவர் 1953ல் விவரித்த வளையம் இது. வழி 13 மில்லிமீட்டருக்கும் குறுகினால் அநேகமாகத் தொந்தரவு கொடுத்தே தீரும். 13 மில்லிமீட்டர் என்பது சுண்டுவிரல் அகலம். அதில் பாதி மென்ற ஸ்டேக் எப்படிப் போகும்?

ஊர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "ரெண்டு மூணு வருஷமாவே சப்பாத்தி, கறி சாப்பிட்டா நெஞ்சுல நிக்கும் டாக்டர். தண்ணி குடிச்சா போயிடும்னு விட்டுட்டேன். லேகியம் ஏதாவது குடுங்களேன்." நான் கொடுக்கவில்லை. சித்த மருத்துவத்தில் மந்தத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் மருந்து உண்டு. குறுகிப்போன வழியை லேகியம் அகலமாக்காது. "முதலில் குடல் நோய் நிபுணரிடம் போங்க, அப்புறம் வாங்க" என்று அனுப்பினேன். உங்களுக்கும் இதே சொல்தான். உணவு நெஞ்சில் நிற்பது அடிக்கடி வந்தால் பயணத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள். நாளுக்கு நாள் அதிகமானால், எடையும் குறைந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோயா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

பப்பாளிச் சாறு குடித்தால் கரையுமே என்று யாராவது சொல்வார்கள். பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயின் கறியைக் கரைக்கும் என்பது உண்மை. ஒரு காலத்தில் மருத்துவர்களே கொடுத்துப் பார்த்தார்கள். குடலும் சதைதானே! உணவுக்குழாயே ஓட்டையாகும் அபாயம் தெரிந்து கைவிட்டார்கள். சோற்றை உருட்டி விழுங்குவது, வாழைப்பழம் விழுங்குவது எல்லாமே வேண்டாம். எச்சில் இறங்கவில்லையா, உடனே ஆஸ்பத்திரி.

எப்படி ஆர்டர் செய்வது? எப்படிச் சாப்பிடுவது?

ஃபிலே மின்யான் என்று கேளுங்கள். முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் இருக்கும், அதிகம் உழைக்காத சதை. அதனால் மிக மென்மை. போர்ட்டர்ஹவுஸ் என்ற பெரிய ஸ்டேக்கைப் பகிர்ந்தால், நடு எலும்புக்கு ஒரு பக்கம் இதே மென்மையான சதை இருக்கும். பெரியவர்களுக்கு அந்தப் பக்கம்.

"நல்லா வேகட்டும்" என்று நம்மவர்கள் 'வெல் டன்' கேட்பார்கள். அப்படி வாட்டினால் ரப்பராகிவிடும். ரத்தச் சிவப்பாகவும் வேண்டாம். உள்ளே 63 டிகிரி செல்சியஸ் சூடு, பிறகு 3 நிமிஷம் ஆறுதல் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. முதியவர்களும் கர்ப்பிணிகளும் அதற்குக் குறைய வேண்டாம். 'மீடியம் வெல்' என்று சொன்னால் போதும்.

நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். துண்டு ஊறிய கொண்டைக்கடலை அளவு இருக்கட்டும். ஒன்றை விழுங்கிய பிறகு அடுத்ததை வெட்டுங்கள். வாயில் இருக்கும்போது பேச்சு வேண்டாம். பல்செட் ஆடுகிறதென்றால் மீன் கேளுங்கள். முள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதியை அங்கேயே பெட்டியில் கட்டி வாங்கி வரலாம், கௌரவக் குறைச்சல் இல்லை. யூரிக் அமிலம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனம்! ஸ்டேக்கோடு கிண்ணம் நிறைய வரும் கிரீம் போட்ட பசலைக்கீரையை வழக்கத்துக்கு மாறாக அள்ளிச் சாப்பிட்டால் மாத்திரையின் வேலை குறையும்.

வீட்டுக்கு வந்ததும் படுக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர் மந்தத்துக்கு இதமாக இருக்கும்.

மாட்டுக்கறி தொடாதவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். கல்யாண வீட்டு பிரியாணியின் மட்டன் துண்டும், கோழியின் நெஞ்சுக்கறியும், காய்ந்த ரொட்டியும் இதே வேலையைச் செய்யும். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று நம் பெரியவர்கள் சொன்னது ஜீரணத்துக்காக மட்டும் என்று நினைத்திருந்தோம். மூச்சுக்காகவும்தான். இன்று இரவு சாப்பிட உட்காருவதற்கு முன்னால் முதுகில் 5, வயிற்றில் 5 என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஒத்திகையில் கை வைக்கும் இடத்தை மட்டும் காட்டுங்கள், பலமாக அழுத்தாதீர்கள்!