கல்லின் அடிப்புறம் கண்டவன்

தம்பி,

ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதியில் உனக்கென்று ஒரு பட்டறை அமைந்து, ராஜபாளையத்து நகைக்கடைகளிலிருந்து வைரம் கட்டும் வேலையும் வரத் தொடங்கிவிட்டது என்று அறிந்து மிகவும் சந்தோஷமடைந்தேன். கைவேலையில் இனி உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாபார விஷயமாக மட்டும் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

ஏழு கல் தோட்டைப் பின்புறம் மூடிய கட்டாகச் செய்யும்போது, ஒவ்வொரு கல்லையும் அதன் குழியில் இறக்கி, சுற்றிலும் பொன்னைத் தள்ளி இறுக்கிய பிறகு, அதன் அடிப்பாகத்தை உடையவள்கூட ஒருகாலும் பார்க்கப்போவதில்லை. அதைக் கடைசியாகக் கண்டவன் நீதான். இதைவிடப் பெரிய பொறுப்பு நம் தொழிலில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கல் உன் கைக்கு வந்த வழியையும் நீ அறிந்திருக்கவேண்டும். நம் பக்கத்துப் பெண்கள் ஆசையோடு கேட்கும் 'ப்ளூ ஜாகர்' கல்லுக்குப் பெயர் கொடுத்த தென்னாப்பிரிக்கச் சுரங்கமான ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. அங்கே மலையாகக் குவித்திருந்த கழிவின் தேக்கம் 2022 செப்டம்பரில் உடைந்து, சேறு ஜனங்களின் வீடுகளுக்குள் புகுந்து உயிரையும் கொண்டுபோயிற்று. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த யுத்தத்துக்கு வைரம் பணமாகப் பாய்ந்ததைக் கண்டு உலக தேசங்கள் 2003-இல் கிம்பர்லி சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தன. ஆனால் அது கலகக்காரர்களின் ஆயுதச் செலவுக்குப் போகும் பட்டை தீட்டாத கல்லைத்தான் தடுக்கிறதேயன்றி, தோண்டுகிறவன் பெற்ற கூலியைப் பற்றியோ, சூரத்தில் பட்டை தீட்டுகிறவனின் ஜீவனத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அமெரிக்காவில் கிராக்கி குறைந்தால் முதலில் வேலை போகிறவன் அந்தப் பட்டைத் தொழிலாளிதான். இது நமக்கு அந்நியமான கதையன்று. திருச்சியிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 'செயற்கை வைரம்' என்று சொல்லப்படும் போலிக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள், இயந்திரத்தில் தீட்டிய வெளிநாட்டுக் கல் மலிவாக வந்து குவிந்தபோது நலிந்துபோனதை நாமே பார்த்திருக்கிறோம்.

இப்போது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்திருக்கிறது. அதுவும் வைரமே; சென்னை ஐ.ஐ.டி.யில் அதன் ஆராய்ச்சிக்கென்று ஐந்தாண்டுகளில் 242 கோடி ரூபாய் தர 2023-இல் மத்திய அரசு முன்வந்தது. அதைத் தோட்டில் கட்டுவது பாபமில்லை. ஆனால் விலையோ சுரங்கக் கல்லின் விலையில் சிறு பங்குதான். லென்ஸை வைத்துப் பார்த்தாலும் பேதம் தெரியாது, கடைகளில் கல்லின் மேல் வைத்துப் பார்க்கும் டெஸ்டர் பேனாவும் இரண்டையும் வைரம் என்றே சொல்லும். மில்லில் ஷிப்டு பார்த்து, சீட்டுக் கட்டி, மகளுக்குத் தோடு வாங்குகிற தாய் அதை ஓர் ஆஸ்தியாக நினைத்தே வாங்குகிறாள். அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் கல் எடையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்கு மட்டுமே கடன் தருவார்கள்; விற்கப் போனாலோ கல்லுக்குக் கொடுத்த விலை திரும்புவது துர்லபம். இவ்வளவு நஷ்டத்துக்கும் ஆளாகிறவளிடம், கல் இன்னது என்பதையுமா மறைப்பது?

ஆகையால், கடையிலிருந்து கல் பொட்டலம் வரும்போதே, சுரங்கக் கல்லா, ஆய்வகக் கல்லா, எத்தனை சென்ட் என்று பொட்டலத்தின் மேல் கடைக்காரர் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள். வாடிக்கையாளர் பில்லிலும் அதுவே இருக்கவேண்டுமென்று கேள். ஆடிப்பூரத்துக்கு முன் முடித்துத் தந்தாக வேண்டும் என்று எவ்வளவுதான் அவசரப்படுத்தினாலும், எழுதித் தராதவரின் கல்லைக் குழியில் இறக்காதே.