நாற்றின் வயதை எழுது

அன்புள்ள தம்பிக்கு,

டெல்டா மாவட்டங்களின் புயல்காலத் தொடர்புக்காக நீ தீட்டிய செயற்கைக்கோள் வலைப்பின்னல் திட்டத்தைப் படித்தேன். 12-ஆம் பக்கத்தில் மனம் நின்றுவிட்டது. “மாற்றுக்கோள்: 1” என்று ஒரே வரி. அது எங்கே இருக்கிறது, என்றைக்குத் தயாராகும், எந்த ராக்கெட்டில் ஏறும், ஒன்றும் இல்லை. அடுத்த வரியில் ஏவுதல் தோல்வியை ‘எதிர்பாராத நிகழ்வு’ என்கிறாய். எதிர்பார்ப்பதால்தானே மாற்று வைக்கிறோம்! அந்தச் சொல்லை முதலில் அடி.

மாற்றுக்கு எண்ணிக்கை போதாது, தேதி வேண்டும். 1982 ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏ செப்டம்பரிலேயே எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்டது. 1983 ஆகஸ்டில் போன 1பிக்குக் கணக்கிட்ட ஆயுள் 7 ஆண்டு. 1988 ஜூலையில் போன 1சி மின்சக்திக் கோளாறில் பாதித் திறனை இழந்து, மறு ஆண்டு நவம்பரில் முழுதாகவே போயிற்று. தரையில் 1டி இருக்கிறதே என்பாய். அதன்மேல் 1989-ல் ஏவுதளத்திலேயே கிரேன் கொக்கி விழுந்தது. பழுது பார்த்து ஏவியது 1990 ஜூன் 12. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் தேதி என்பதால் எனக்கு மறக்காது. அப்போது 1பியின் 7 ஆண்டு முடிய இரண்டரை மாதம்தான் மிச்சம்.

2006 ஜூலை 10-ல் ஜிஎஸ்எல்வி-எஃப்02 இன்சாட்-4சியோடு அழிந்தது. அதன் மாற்றான 4சிஆர் மேலே போக 2007 செப்டம்பர் 2 ஆயிற்று. அந்தப் பதினான்கு மாதத்துக்கு உன் திட்டத்தில் என்ன இருக்கிறது?

திருவையாறு பக்கம் எங்கள் நிலத்தில் சம்பா நட்ட பிறகும் அப்பா நாற்றங்காலில் ஒரு மூலையைப் பறிக்காமல் வைத்திருப்பார். ஐப்பசி மழையில் நட்டது அழுகினால் அதுதான் கைகொடுக்கும். ஆனால் நாள் எண்ணிக்கொண்டே இருப்பார். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. ஒரு வருஷம் எண்ணத் தவறினார். நாற்று நிறைய இருந்தது, நடத்தான் லாயக்கில்லை.

1997 அக்டோபரில் இன்சாட்-2டி செத்தபோது கும்பகோணம், மன்னார்குடி என்று மாடி மாடியாக ஏறி ஆன்டெனாக்களை வேறு கோள் பக்கம் திருப்பினேன். கோள் மாற்றும் தேதியோடு இந்தக் கைவேலையின் நாட்களையும் கூட்டு.

வேதாரண்யம் பகுதிக்கு நீ எழுதியதை மட்டும் மூன்று முறை படித்தேன். கஜா புயலில் சாய்ந்த கோபுரங்களை மனதில் வைத்து, எந்த ஆன்டெனாவுக்கு யார் பொறுப்பு, டீசல் எந்த வழியாகப் போகும் என்று ஊர் ஊராக எழுதியிருக்கிறாய். என் பணிக்காலம் முழுக்க இப்படி ஒரு பக்கம் நான் எழுதியதில்லை, பிறர் எழுதியும் பார்த்ததில்லை. அதே கண்ணோடு 12-ஆம் பக்கத்துக்குத் திரும்பிப் போ. ‘1’ என்பதன் பக்கத்தில் மாதமும் வருடமும் போட்டு, ஐப்பசிக்குள் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்