விளையாட்டைச் செய்து படிப்போம்



ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்த நம் வீடுகளில், பிள்ளைகள் வாயில் 'கோழி' 'கோளி' ஆகிவிடுகிறது. மராத்தியில் ளகரம் உண்டு; ழகரம் இல்லை. கணிப்பொறி விளையாட்டே கதியென்று கிடக்கும் பிள்ளைகளிடம், ஒரு விளையாட்டைச் செய்யச் சொன்னால் என்ன?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளி ஒன்றில் ஆய்வாளர் யாஸ்மின் கஃபாய், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 16 பேரை, இளைய வகுப்பினருக்குப் பின்னக் கணக்குக் கற்பிக்கும் விளையாட்டுகளை 'லோகோ' கணிப்பொறி மொழியில் செய்யவைத்தார். கற்பிக்க முனைந்த பிள்ளைகளுக்கே பின்னம் நன்கு விளங்கியது. இதை 1995இல் நூலாகவும் எழுதினார்.

நம் வீட்டிலும் செய்யலாம். 2007இல் எம்.ஐ.டி. வெளியிட்ட 'ஸ்கிராச்' இலவசம். கட்டளைக் கட்டைகளை அடுக்கினால் போதும்.

பயிற்சி:

1. எலி, கிளி, கோழி படங்களை வரைக.
2. கீழே லி, ளி, ழி எழுத்துகளை வைக்க.
3. ஒவ்வொரு சொல்லையும் பிள்ளையின் குரலிலேயே பதிவு செய்க.
4. படத்துக்குரிய எழுத்தைத் தொட்டால் 1 மதிப்பெண் கூடவும், தவறினால் 1 குறையவும் கட்டளையிடுக.
5. தம்பி தங்கையரை ஆடச் செய்க.

எது சரி, எது தவறு என்று கணிப்பொறிக்குச் சொல்ல, பிள்ளைக்கு முதலில் அது தெரிய வேண்டும். பாடம் அங்கேதான் நடக்கிறது. பக்கத்தில் அமர்ந்து, உச்சரிப்பை மட்டும் திருத்துங்கள். மற்றதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.