கிருமிகளின் மருந்தெதிர்ப்பு: அது தோன்றுவதும் பரவுவதும்

கோலார் தங்க வயலில் பொன் தாங்கிய படிகப் பாறையைத் துளைக்கையில் எழுந்த தூசி, தொழிலாளரின் நுரையீரலிற் படிந்து சிலிகோஸிஸ் நோயை விளைவித்தது. அந்நோய் கண்டவரைக் க்ஷயரோகம் எளிதிற் பற்றும். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. எனினும் படிந்த தூசியினால் வரும் அபாயம் வாழ்நாள் முழுதும் நீடிப்பது. ஆகவே, மருந்துகள் பயனிழக்கும் விதத்தைச் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் அறிதல் அவசியம்.

பாக்டீரியாக்கள் எதிர்ப்புச் சக்தியை இரு வழிகளிற் பெறுகின்றன. முதலாவது, திடீர் மாற்றம். கிருமி பெருகும்போது அதன் ஜீன்களில் தற்செயலாக மாறுதல் நேரிடும். அது மருந்தைத் தாங்க உதவுமாயின், ஏனையவை மடிய, அக்கிருமியின் வம்சம் மட்டும் எஞ்சிப் பெருகும். க்ஷயக் கிருமியின் வழி இதுவே. ஒரே கிருமியில் பல மருந்துகளுக்கும் ஒருங்கே மாறுதல் நேர்வது மிக அரிது. கூட்டு மருந்து அளிப்பதன் காரணம் இதுவாகும்.

இரண்டாவது, பிற கிருமிகளிடமிருந்து ஜீன்களைப் பெறுதல். குடற்கிருமிகள் பலவற்றில், குரோமோசோமுக்குப் புறம்பாகப் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. இரு கிருமிகள் இணைந்து நிற்கையில் அதன் பிரதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். இனம் வேறாயினும் இது நிகழக்கூடும். 1959-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர், பல மருந்துகளை எதிர்க்கும் சக்தி சாதாரணக் குடற்கிருமியிலிருந்து சீதபேதிக் கிருமிக்கு ஒருங்கே செல்வதைக் காட்டினர். டிரான்ஸ்போசான் என்னும் துண்டுகள் இடம்விட்டு இடம் தாவி ஜீன்களைப் பிளாஸ்மிட்டிற் சேர்க்கும். இன்டெக்ரான் என்னும் அமைப்பு அவற்றை நூலில் மணி கோப்பதுபோல் வரிசைப்படுத்தும். இதனால், ஒரு மருந்தை மட்டும் தேவையின்றி வழங்கினாலும் மணிச்சரம் முழுவதும் நிலைபெறும்.

2010-இல் வெளியான ஆய்வொன்று, கார்பபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 ஜீனைச் சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் கண்டது. சென்னை மாதிரிகளின் பிளாஸ்மிட்டுகள் பிற கிருமிகளுக்கு எளிதிற் சென்றன. ஹரியானாவினுடையவை அவ்வாறு செல்லவில்லை. ஜீன் ஒன்றேயாயினும், பரவும் வேகம் அதைச் சுமக்கும் வாகனத்தைப் பொறுத்தது என்பது இதனால் விளங்கும்.

ஊழியர் கவனிக்க வேண்டியவை: க்ஷயரோகிகள் சிகிச்சையை இடையில் நிறுத்தாதபடி பார்த்துக்கொள்க. நீடித்த இருமலுக்குத் தாமே மருந்து வாங்கி உண்போரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புக. அவர் உண்ணும் மருந்து குடற்கிருமிகளிடையேயும் எதிர்ப்பை வளர்க்கும். கைச்சுத்தமும் கழிவுநீர் கலவாத குடிநீரும் இக்கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடைவதைத் தடுக்கும்.

மாணவர்க்கு வினா: க்ஷயக் கிருமியும் குடற்கிருமியும் மருந்தெதிர்ப்பைப் பெறும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன?