சிறு அறையும் தாழொலியும்

சென்ற விடுமுறையில் டெய்ரி ஃபார்மில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பௌதிகம் படிக்கிறவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு என் அத்தான் என்னை ஒரு வழக்குக்கு நடுவனாக்கிவிட்டார். அவரிடம் ஐந்து அங்குல ஸ்டூடியோ மானிட்டர்கள் இரண்டு உண்டு. அவற்றோடு சேர்க்கச் சப்வூஃபர் ஒன்று வாங்க வேண்டும். "மாப்பிள்ளை, எட்டு அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா? நீ சொல்வதுதான் முடிவு" என்றார். எளிதான கேள்வி என்றே நானும் எண்ணினேன். விடை சொல்லப் பத்து நாள் ஆயிற்று. நம் விடுதியிலும் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்வோர் சிலர் இருப்பதால், அந்தப் பத்து நாட் செய்தியை இங்கே எழுதுகிறேன். நான் ஒலிப்பதிவு வல்லுநன் அல்லன் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

வீட்டிலே ஒலிப்பதிவுக் கூடம் வைப்பது தமிழருக்குப் புதிதன்று. ஏ. ஆர். ரகுமான் 1989-இல் தம் சென்னை வீட்டு வளாகத்தில் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்னும் கூடத்தை அமைத்தார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா'வின் பாடல்கள் அங்கே உருவானவையே. அத்தானின் கூடம் அத்தகையதன்று. பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட கான்கிரீட் அறை, அவ்வளவுதான்.

டெய்ரி ஃபார்மை அறியாதோர்க்கு ஒரு சொல். அந்தமானின் தலைநகராகிய போர்ட் பிளேரில் அஃது ஒரு பகுதி. அந்நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர். எங்கள் வீட்டார் வாயில் இன்னும் பழைய பெயரே வருகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் ஆகும். ஆகவே அங்கு வாங்கும் பொருள் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவது எளிதன்று. இருவழிக் கூலியும் நம் தலையில்தான். அத்தான் இரண்டாண்டு சேர்த்த பணம் அது.

பணத்தைவிடப் பெரிய கவலை வேறொன்று இருந்தது. பங்குனி உத்திரத்துக்கென்று எங்கள் பகுதிப் பிள்ளைகளைப் பாட வைத்து அவர் ஆண்டுதோறும் பாட்டுப் பதிவு செய்வார். சென்ற முறை அதைப் பந்தலில் பெரிய பெட்டிகளில் போட்டபோது ஒரே உறுமல். பாட்டின் சொல் ஒன்றும் விளங்கவில்லை. பாடிய பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. "இனி என்னால் ஆகாது" என்று அத்தான் சொல்லியிருக்கிறார். மானிட்டரில் பேஸ் எனப்படும் தாழொலி போதாமையே காரணம் என்றும், பெரிய சப்வூஃபர் வந்தால் தீரும் என்றும் அவர் நம்பினார்.

நான் கேட்ட முதற் கேள்வி, அதற்கு முந்திய ஆண்டுகளில் இக்குறை இருந்ததா என்பது. இல்லை! அப்போது அவர் பதிவு செய்தது தாத்தா கட்டிய பழைய வீட்டில். பலகைச் சுவர், தகரக் கூரை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் தகரத்தின் கீழே ஒலிப்பதிவு நடத்துவது எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதற்குப் பயந்தே கான்கிரீட் அறைக்கு மாறினார். மானிட்டர் மாறவில்லை. மாறியது அறைதான்.

இங்கே நாம் பாடத்தில் படித்த நிலையலை வருகிறது. இரு சுவர்களுக்கிடையே ஒலி போய்த் திரும்பும்போது, அத்தூரம் அரை அலைநீளத்துக்குச் சமமாயின் பரிவு உண்டாகும். எங்களூர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். பன்னிரண்டடிக்கு ஏறத்தாழ 48 ஹெர்ட்சு, பத்தடிக்கு 57. அகலமும் உயரமும் ஒன்றாயிருப்பதால் 57-இல் இரண்டு பரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இந்நிலையலைகளுக்குச் சுவரருகே அழுத்த மாறுபாடு மிகுதி, நடுவிலோ சுழி. பலகைச் சுவர் அதிர்ந்து கொடுத்துத் தாழொலியின் ஒரு பங்கை விழுங்கும், மறுபங்கை வெளியே விடும். கான்கிரீட்டோ பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும்.

அத்தான் தம் நாற்காலியை எங்கே போட்டிருந்தார் தெரியுமா? அறையின் நட்டநடுவில்!

ஒரு மானிட்டரை மூலையில் தரையில் வைத்து, 57 ஹெர்ட்சு ஒலியை எழுப்பி, அவரை மெல்ல நடக்கச் சொன்னேன். நாற்காலியருகே ஒலி அடங்கிற்று. சுவரை நெருங்கியதும் அவரே நின்றுவிட்டார். பந்தலில் கேட்ட அதே உறுமல். தாம் உட்கார்ந்த இடத்தில் கேட்காததைக் குறை என்று கருதி, அவ்வொலியைப் பாட்டில் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். பன்னிரண்டு அங்குலப் பெட்டியை இவ்வறையில் வைத்தாலும் சுழியில் உட்கார்ந்தவனுக்குப் பயன் சிறிதே.

நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலரையடியில் போட்டோம். செலவில்லாத மருந்து. 48-இன் பள்ளம் பெரிதும் நிரம்பிற்று. 57 இன்னும் மெலிந்தே இருந்தது. இடவலச் சமநிலைக்காக அகலத்தின் நடுவில்தான் உட்கார வேண்டும். மானிட்டர்களும் மேசைமேல், ஏறக்குறைய நடு உயரத்தில் உள்ளன. உயரவாக்கு அலையைத் தூண்டத் தரையே ஏற்ற இடம். அதனால்தான் சப்வூஃபருக்கு வேலை உண்டு என்று முடிவு செய்தேன். சிறு அறையில் அதன் பெரும் பயன், ஒலியைக் கூட்டுவதைவிட, தாழொலி புறப்படும் இடத்தை மானிட்டர்களின் இடத்திலிருந்து பிரித்து நாமே தேர்ந்துகொள்ள முடிவதில் இருக்கிறது. 80 ஹெர்ட்சின் அலைநீளம் நாலரை மீட்டருக்குச் சற்றே குறைவு. அவ்வளவு நீண்ட அலை எத்திசையிலிருந்து வருகிறது என்று செவி எளிதில் அறியாது. ஆகவே பெட்டியை ஒருபுறம் ஒதுக்கினாலும் பாடகர் இடம் மாறித் தோன்றார்.

எந்த இடம் என்பதைப் பெட்டி வாங்குமுன்பே காணலாம். ஒலிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு ஒன்றே என்று ஹெல்ம்ஹோல்ட்சும் ரெய்லியும் 19-ஆம் நூற்றாண்டில் நிறுவிய தத்துவம் நமக்குத் துணை. மானிட்டரை நாற்காலியில் அமர்த்தித் தாழொலிகளை வரிசையாக எழுப்பி, நான் தரையில் காதை வைத்துத் தவழ்ந்தேன். பாட்டி எட்டிப் பார்த்து, "ஏண்டா, என்ன தொலைத்தாய்?" என்றார்கள். முன்சுவரோரம், இடப்பக்கம் மூன்றிலொரு பங்கில் ஒலிகள் ஓரளவு சீராக இருந்தன.

பிறகு அளவு. அவ்வறைக்கு எட்டு அங்குலமே போதும் என்றேன். சான்றாக யமஹா எச்.எஸ்.5 என்னும் ஐந்து அங்குல மானிட்டர் 54 ஹெர்ட்சு வரை இறங்கும். எட்டு அங்குல எச்.எஸ்.8.எஸ். 22 வரை இறங்கும். பேஸ் கிதாரின் கடைசித் தந்தியே 41 ஹெர்ட்சுதான். அத்தானின் பாட்டுகளில் மிகத் தாழ்ந்து ஒலிப்பது மிருதங்கத்தின் தொப்பி. அதற்கு இது தாராளம். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கருஞ்சாந்து மேற்சுரங்களை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்பதைச் சி. வி. இராமன் 1920-இலும் 1934-இலும் ஆராய்ந்து எழுதினார். தமிழ் மாணவர் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரைகள் அவை.

அங்குலத்தைவிட முக்கியமானது, மானிட்டருக்குச் செல்லும் தாழொலியைத் தடுக்கும் வடிகட்டி பெட்டியிலேயே இருக்கிறதா என்பது. அதே உரப்புக்கு அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். 80-க்குக் கீழுள்ள சுமையை இறக்கிவிட்டால் சிறு கூம்பு தெளிவாகப் பாடும். கட்டம் மாற்றும் சுவிட்சும் தேவை. 80 ஹெர்ட்சை எழுப்பி இருபுறமும் தட்டிப் பார்த்து, உரக்கக் கேட்கும் பக்கத்தில் விட வேண்டும். மற்றப் பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். ஒலி அளவு பற்றி ஓர் எச்சரிக்கை. மெல்லிய ஒலியில் நம் செவி தாழொலிக்கு மந்தம் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டினர். 1,000 ஹெர்ட்சில் 40 டெசிபலாகக் கேட்பதற்கு ஈடாக 40 ஹெர்ட்சில் 80 டெசிபலுக்கு மேல் வேண்டும். ஆகவே ஒருநாள் மெல்லவும் மறுநாள் உரக்கவும் கேட்டுப் பாட்டைச் சரிசெய்பவன் ஏமாறுவான். ஒரே அளவைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி கப்பலில் வந்து சேர்ந்தது. அடியில் தடித்த ரப்பர் விரித்தோம். பக்கத்து அறையில் பாட்டி உறங்க வேண்டுமே. மூன்று நாள் ஓடிய பின், "அந்தப் பெட்டி எப்போது வரும்?" என்று அவர்கள் கேட்டதே எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

இவ்வாண்டுப் பங்குனி உத்திரத்தன்று அத்தான் தொலைபேசியைப் பந்தலில் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளின் சொற்கள் எனக்கு இங்கே கேட்டன. 57-இல் அகலவாக்குப் பள்ளம் இன்னும் இருக்கிறது. அதை எப்பெட்டியாலும் நிரப்ப இயலாது. "57-ஐ நம்பாதே" என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பாட்டை வெளியே அனுப்புமுன், மழை இல்லாத நேரம் பார்த்து, பழைய பலகை வீட்டில் ஒருமுறை போட்டுக் கேட்கிறார்.