தீர்வைச் சலுகை யார் கைக்கு வருகிறது?

கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போன நம் தோட்டத்துப் பிள்ளைகள் "ஜி.எஸ்.பி. பிளஸ்" என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அதன் வேர் தென்னமெரிக்காவின் கொக்கா வயல்களில் இருக்கிறது.

கொக்கெயின் செய்யப்படும் கொக்காவை விவசாயி கைவிட வேண்டுமானால் வேறு விளைச்சலுக்குச் சந்தை வேண்டும். இப்படிக் கருதியே 1990 இல் ஐரோப்பிய சமூகம் கொலம்பியா, பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகளின் பல பொருட்களுக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கியது. 1991 இல் அமெரிக்காவும் சட்டம் இயற்றியது. கொலம்பியாவின் பூ ஏற்றுமதி பெருகியது. ஆனால் பூந்தோட்டங்கள் இருந்தது தலைநகர் பொகோட்டாவை அண்டி. கொக்கா விளைந்ததோ தெற்கே, பாதை வசதியற்ற காட்டுப் பகுதிகளில். அங்கே பயிரிட்டவர்களில் பலர் நிலமிழந்து இடம்பெயர்ந்தவர்கள். தீர்வை குறைவது துறைமுகத்தில். லொறி வராத இடத்தில் அதனால் என்ன பயன்? கொக்கா வாங்குபவனோ வாசலுக்கே வருவான். லீக்ஸ் மூட்டையைத் தலையில் சுமந்து றோட்டுக்கு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2002 இல் பாகிஸ்தானும் சேர்க்கப்பட்டது. இந்தியா உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. ஒரே தேவையுள்ள நாடுகள் எல்லாவற்றுக்கும் சலுகை கிடைக்க வேண்டும் என 2004 இல் தீர்ப்பாயிற்று. அதனால் 2005 இல் பிறந்ததே ஜி.எஸ்.பி. பிளஸ். அவ்வாண்டே அதைப் பெற்ற இலங்கை 2010 இல் இழந்து, 27 சர்வதேச உடன்படிக்கைகளைப் பேணும் நிபந்தனையுடன் 2017 இல் மீண்டும் பெற்றது. போதைப்பொருள் தடுப்பு அவற்றில் அடங்கும். தொழிற்சங்க உரிமையும் அடங்கும்.

சங்கக் கூட்டத்தில் பேச: உங்கள் விளைச்சலுக்கும் துறைமுகத்துக்கும் இடையே எத்தனை கைகள்?